மன்னிப்புக் கோரும் அரசுகளும் மறுமொழி கூறும் பூர்வீகக் குடிகளும்

காலனித்துவ அநீதிகளுக்கு அரசுகள் எவ்வாறு பொறுப்புக் கூறுகின்றன என்பதை ஆராயப் புகும் ஒருவரை இன்று இரு வேறு நூல் வரிசைகள் எதிர்கொள்கின்றன. ஒன்று, அரசியல் மன்னிப்புகள் பற்றிய அரசியல் விஞ்ஞான, சமூகவியல் நூல்கள். மற்றையது, பூர்வீகக் குடிகளைச் சேர்ந்த அறிஞர்கள் தம் மக்களின் நிலையில் நின்று எழுதிவரும், பின்காலனித்துவ ஆய்வின் ஒரு கிளையாகக் கருதப்படும் நூல்கள். இரண்டும் பேசுவது பெரும்பாலும் ஒரே நாடுகளைப் பற்றியே: கனடா, அவுஸ்திரேலியா, நியூஸிலாந்து, ஐக்கிய அமெரிக்கா. சில இடங்களில் ஒரே நாளில் நிகழ்ந்த ஒரே உரையையே இரண்டும் ஆராய்கின்றன. ஆயினும் ஒன்றை வாசித்து முடித்தவர் அடையும் முடிவை மற்றையதை வாசித்தவர் அடைவதில்லை. எனவே எதனை முதலில் கையிலெடுப்பது என்பது விலையையும் நேரத்தையும் மட்டும் பொறுத்த வினாவன்று.

நூல்களுக்குள் நுழையுமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது சிந்திப்பது பயனுடையது. 'அபோலொஜி' என்ற ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலம், குற்றஞ்சாட்டப்பட்டவர் தமக்காக நிகழ்த்தும் எதிர்வாதம் என்ற பொருளைக் கொண்டது. சோக்ரடீஸ் நீதிமன்றத்தில் நிகழ்த்திய எதிர்வாதத்தைக் கூறும் பிளேட்டோவின் நூல் அப்பெயராலேயே வழங்குகின்றது. அரபியில் 'இஃதிதார்' என்பதும் காரணம் கூறுதல் என்ற பொருளுடைய 'உத்ர்' என்பதன் அடியாகப் பிறந்ததே. இவ்விரு சொற்களுக்கும் பேசுபவர் ஒருவர் இருந்தால் போதுமானது. தமிழிலோ நாம் மன்னிப்பைக் கேட்கின்றோம், கோருகின்றோம். கேட்கப்படும் எதுவும் கொடுக்கப்படலாம், மறுக்கப்படவும் செய்யலாம். இரண்டாமவர் ஒருவர் இத்தொடருக்குள்ளேயே நிற்கின்றார். நாம் இங்கு எடுத்துக்கொண்ட இரு நூல் வரிசைகளையும் பிரிக்கும் கோடு இந்த இரண்டாமவரை ஊடறுத்தே செல்கின்றது என்பது எமது கருத்தாகும்.

முதல் வரிசையின் தொடக்கநூலாக நிக்கொலஸ் டவுச்சிஸ் 1991இல் வெளியிட்ட 'என் தவறு' என்ற லத்தீன் தலைப்புடைய சமூகவியல் ஆய்வைக் கொள்ளலாம். தனிமனிதர்களுக்கிடையிலான மன்னிப்பு குறித்து இவர் எழுதியுள்ள பகுதிகள் இன்றும் மெருகு குன்றாதவை. நடந்ததை நடவாததாக்க எச்சொல்லாலும் இயலாது. எனினும் மெய்யாகக் கோரப்பட்ட மன்னிப்பு ஏதோவொரு வகையில் அதனைச் சாதித்து விடுகின்றது என்ற முரணை அவர் பொறுமையுடன் அவிழ்த்துக் காட்டுகின்றார். கூட்டமொன்று இன்னொரு கூட்டத்திடம் மன்னிப்புக் கோரும் கட்டத்திற்கு வரும்போதுதான் அவரது அளவுகோல் மாறுகின்றது. தனிமனிதரிடம் உயிராயிருந்த மனவருத்தம் அங்கு பின்னடைகின்றது. நிகழ்ந்தது நிகழ்ந்ததென உலகறியப் பதிவு செய்யப்படுவதே முதன்மை பெறுகின்றது. இது நுட்பமான அவதானம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பதிவுக்குச் சாட்சி போதும், மறுமொழி தேவையில்லை. இரண்டாமவர் மெல்ல மறையத் தொடங்குவது இவ்விடத்திலேயே.

மெலிஸா நோபல்ஸின் 'உத்தியோகபூர்வ மன்னிப்புகளின் அரசியல்' (2008) இத்துறையில் மிகப் பரவலாக வாசிக்கப்படும் நூல்களுள் ஒன்று. அத்தகுதி அதற்கு உண்டு. சிறுபான்மையினர் ஏன் மன்னிப்பைக் கேட்டுப் போராடுகின்றனர், அரசுகள் எப்போது அதனை வழங்குகின்றன, எப்போது மறுக்கின்றன என்ற வினாக்களை மேற்கூறிய நான்கு நாடுகளையும் ஒப்பிட்டு இவர் ஆராய்கின்றார். அவரது விடை 'அங்கத்துவம்' என்ற எண்ணக்கருவில் தங்கியுள்ளது. ஒரு நாட்டின் அங்கத்தவராயிருத்தல் என்பது சட்டம், அரசியல், உணர்வு ஆகிய மூன்று தளங்களில் நிகழ்வது. சட்டப்படி பிரஜையாகிவிட்ட பின்னரும் ஒரு மக்கள் பிரிவினர் அந்நாட்டின் வரலாற்றிலும் மனத்திலும் அந்நியராகவே இருத்தல் கூடும். மன்னிப்பு அந்த உறவின் நிபந்தனைகளை மாற்ற முனையும் ஓர் அரசியற் கருவி. தலைவர்களின் நல்லெண்ணத்தையோ குற்றவுணர்வையோ மட்டும் கொண்டு அதனை விளக்க முடியாது என்றும், குழு உரிமைகள் குறித்து அவர்கள் கொண்டுள்ள கொள்கை நிலைப்பாடே பெரிதும் தீர்மானிக்கின்றது என்றும் அவர் நிறுவுகின்றார்.

இவ்விளக்கத்தின் வலிமையை அவுஸ்திரேலியாவில் தெளிவாகக் காணலாம். பூர்வீகக் குடிகளின் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து வலிந்து பிரிக்கப்பட்டமை பற்றி விசாரித்த தேசிய ஆணைக்குழுவின் அறிக்கை 1997இல் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. 1910க்கும் 1970க்கும் இடைப்பட்ட காலத்தில் பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையான பிள்ளைகள் இவ்வாறு பிரிக்கப்பட்டிருக்கலாம் என அது மதிப்பிட்டது. மன்னிப்பை மட்டுமன்றி நட்டஈட்டையும் உள்ளடக்கிய 54 பரிந்துரைகளை அது முன்வைத்தது. பிரதமர் ஜோன் ஹோவார்ட் 1999இல் பாராளுமன்றத் தீர்மானமொன்றின் மூலம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தாரேயன்றி மன்னிப்புக் கோர இணங்கவில்லை. வருத்தம் தெரிவிப்பதற்கும் மன்னிப்புக் கோருவதற்கும் இடையிலான தூரம் அந்நாட்டு அரசியலில் ஒன்பது ஆண்டுகள் நீண்டது. ஹோவார்டின் மறுப்பைத் தனிமனித வன்மமாகக் காணாது, வரலாறு பற்றியும் குழு உரிமை பற்றியும் அவர் கொண்டிருந்த உறுதியான கொள்கையின் விளைவாகக் காண நோபல்ஸின் சட்டகம் உதவுகின்றது. எதிராளியை விளங்கிக்கொள்ளாமல் கண்டிப்பது எளிது. இந்நூல் அந்த எளிமையை அனுமதிப்பதில்லை.

அந்நூல் எழுதப்பட்ட பின்னர் நிகழ்ந்தவையே அதற்கான சோதனையாக அமைந்தன. 2008 பெப்ரவரி 13இல் புதிய பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் திருடப்பட்ட தலைமுறையினரிடம் மன்னிப்புக் கோரினார். அந்நாளின் உணர்வெழுச்சியைக் குறைத்து மதிப்பிட வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. முதுமையடைந்த பலர் அச்சொல்லைச் செவியுறுவதற்காகவே நெடுந்தொலைவு பயணம் செய்து வந்திருந்தனர். ஆனால் தேசிய நட்டஈட்டு நிதியமொன்று அமைக்கப்படமாட்டாது என அரசாங்கம் முன்னரே அறிவித்திருந்தது. மேலும், 2007இல் வட பிரதேசத்தின் பூர்வீகக் குடிச் சமூகங்கள் மீது ஏவப்பட்ட அவசரகால நடவடிக்கைகளுக்காக இடைநிறுத்தப்பட்டிருந்த இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டம் அன்றும் இடைநிறுத்தப்பட்டேயிருந்தது. 2010 வரை அந்நிலை நீடித்தது. ஒரு கை மன்னிப்பைக் கோரிக்கொண்டிருக்க மறு கை பாகுபாட்டிற்கு எதிரான காப்பை அகற்றி வைத்திருந்தது. பின்னர் 2023 ஒக்டோபர் 14இல், பூர்வீகக் குடிகள் பாராளுமன்றத்திற்கு ஆலோசனை கூறும் அமைப்பொன்றை அரசியலமைப்பில் இடம்பெறச் செய்வதற்கான வாக்கெடுப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் வேண்டாமென வாக்களித்தனர். உணர்வுத் தளத்து அங்கத்துவம் மாறியிருக்கலாம். அரசியல் தளத்து அங்கத்துவம் மாறியதா?

ஐக்கிய அமெரிக்காவின் நிகழ்வு இதனினும் விசித்திரமானது. அந்நாட்டின் பூர்வீகக் குடிகளிடம் மன்னிப்புக் கோரும் வாசகம் 2009 டிசம்பரில் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட பாதுகாப்புச் செலவின ஒதுக்கீட்டுச் சட்டத்தின் 8113ஆம் பிரிவாக நுழைக்கப்பட்டது. யுத்தச் செலவுக் கணக்குகளின் நடுவே, எவ்வித பொது நிகழ்வுமின்றி அது சட்டமாயிற்று. இதனை ஆதாரமாகக் கொண்டு அரசுக்கெதிராக எவ்வித உரிமைக் கோரிக்கையும் எழுப்ப இயலாது என்ற நிபந்தனையும் அதனுடனேயே சேர்க்கப்பட்டிருந்தது. டவுச்சிஸ் முதன்மைப்படுத்திய 'பதிவு' இங்கு எழுத்தளவில் நிறைவேறிவிட்டது. செவியுற வேண்டியவர்களுக்கு அது சொல்லப்படவில்லை என்பதே குறை. பதிவை மட்டும் அளக்கும் கோட்பாடு இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்ட இடர்ப்படும்.

இவ்வரிசையில் எமது வாசகர்களின் கவனத்திற்கு மிகவும் உரியதாக நாம் கருதுவது அவுஸ்திரேலிய அறிஞர் டேனியேல் செலர்மேயரின் 'தேசத்தின் பாவங்களும் மன்னிப்புச் சடங்கும்' (2009) என்ற நூலாகும். மன்னிப்பைச் சட்டத்தின் மொழியாலோ பேரம்பேசலின் மொழியாலோ விளங்க முடியாது. அதன் வேர் சமய மரபுகளின் பாவமீட்சிச் சடங்குகளில் உள்ளது என்பது அவரது வாதம். இதற்காக யூத, கிறிஸ்தவ மரபுகளில் மனந்திரும்புதல் பற்றிய கருத்து வளர்ந்த வரலாற்றை விரிவாக ஆராய்கின்றார். தனியொருவரின் குற்றத்தினின்று சமூகத்தின் பொறுப்பை வேறுபடுத்தி, அக்குற்றத்தைச் சாத்தியமாக்கிய அரசியற் பண்பாட்டிற்கு முழுச் சமூகமும் பதில் கூறவேண்டியிருக்கின்றது என அவர் காட்டும் பகுதி நூலின் சிகரம் எனலாம்.

இஸ்லாமிய மரபு அவரது ஆய்வில் தனியிடம் பெறவில்லை. பெற்றிருப்பின் அவரது வாதம் ஓரிடத்தில் கூர்மையடைந்திருக்கும் என எண்ணத் தோன்றுகின்றது. இமாம் நவவி தௌபாவின் நிபந்தனைகளாகப் பாவத்தை விட்டுவிடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லையென உறுதிகொள்ளுதல் ஆகிய மூன்றையும் கூறிவிட்டு, மனிதரொருவரின் உரிமை சம்பந்தப்பட்டிருப்பின் நான்காவதாக அவ்வுரிமையை உரியவரிடம் மீளளித்தலையும் சேர்க்கின்றார். ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் உறவினரிடமும் அயலவரிடமும் சென்று பொறுத்துக்கொள்ளும்படி வேண்டும் வழக்கம் நம்மிடையே இன்றும் உள்ளது. அப்போது கடன் கொடுத்தவர் 'முதலில் கடனைத் தீர்த்துவிட்டுப் போங்கள்' எனக் கூறுவாராயின் அதனை எவரும் கடின சித்தமெனக் கொள்வதில்லை. அரசியல் மன்னிப்பு பற்றிய நூல்கள் முதல் மூன்று நிபந்தனைகளையும் நுணுகி ஆராய்கின்றன. நான்காவதில் அவற்றின் குரல் தாழ்ந்துவிடுகின்றது.

அந்த நான்காவது நிபந்தனையிலிருந்தே தொடங்கும் நூல் க்ளென் கூல்தார்டின் 'செந்தோலும் வெள்ளை முகமூடிகளும்' (2014). கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களைச் சேர்ந்த டெனே மக்களுள் ஒருவர் இவர். ஃபிரான்ஸ் ஃபனோனின் 'கருந்தோலும் வெள்ளை முகமூடிகளும்' (1952) என்ற நூலின் தலைப்பைத் தழுவிப் பெயரிட்டமை வெறும் அலங்காரமன்று. எமது வாசகர்களுட் பலர் ஃபனோனை அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தின் வழியாகவும், பின்காலனித்துவ ஆய்வை எட்வர்ட் ஸெய்தின் 'கீழைத்தேயவாதம்' (1978) வழியாகவும் அறிந்தவர்கள். அல்ஜீரியாவில் குடியேறியோரிற் பெரும்பாலானோர் 1962இல் கடல்கடந்து சென்றனர். கனடாவில் எவரும் செல்லவில்லை. 'பின்' என்ற முன்னொட்டு அங்கு பொருந்துமா என்ற ஐயம் பூர்வீகக் குடி அறிஞர்களின் எழுத்தெங்கும் ஒலிப்பதற்கு இதுவே காரணம். குடியேற்றக் காலனித்துவம் ஒரு காலத்தில் நிகழ்ந்து முடிந்த சம்பவமன்று, இன்றும் இயங்கும் ஓர் அமைப்பு என்ற பற்றிக் வுல்ஃபின் கருத்தும் இங்கு நினைவுகூரத்தக்கது.

கூல்தார்டின் மையக் கருத்து சுருங்கக் கூறின் இதுவாகும்: கனேடிய அரசு முன்னர் வன்முறையாலும் வலிந்த கலப்பினாலும் சாதித்ததை இன்று அங்கீகாரத்தின் மூலம் சாதிக்கின்றது. பண்பாட்டை மதிக்கின்றது, பேச்சுவார்த்தைக்கு அழைக்கின்றது, நிதி ஒதுக்குகின்றது. நிலத்தின் மீதான அதிகாரம் மட்டும் கைமாறுவதில்லை. மார்க்ஸ் 'ஆதி மூலதனத் திரட்டல்' என்று அழைத்த நிலப்பறிப்பு அங்கு வரலாற்றின் தொடக்கத்தோடு முடிந்துவிடவில்லை, நாளாந்தம் தொடர்கின்றது. 1975ஆம் ஆண்டு டெனே மக்கள் தம்மை ஒரு தேசமாகப் பிரகடனப்படுத்திய போராட்டத்தை அவர் விவரிக்கும் அத்தியாயமே எமது மதிப்பீட்டில் நூலின் உயிர்நாடி. மக்கென்ஸி பள்ளத்தாக்கினூடாக எரிவாயுக் குழாய் அமைக்கும் திட்டத்தை எதிர்த்த அம்மக்களுக்கு நிலம் என்பது உடைமையன்று. மனிதரும் விலங்கும் நீரும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டிருக்கும் உறவு. அவ்வுறவிலிருந்தே அவர்களது அறநெறி பிறக்கின்றது. உறவைப் பற்றிப் பேசச் சென்றவர்கள் உரிமைப் பேச்சுவார்த்தையின் மேசையிலிருந்து வளங்களின் பங்கு பற்றிப் பேசுபவர்களாக எழுந்து வந்தமையை அவர் வேதனையுடன் எழுதுகின்றார்.

மன்னிப்பைப் பற்றி அவர் நேரடியாகப் பேசும் இடம் நான்காம் அத்தியாயம். 2008 ஜூன் 11இல் பிரதமர் ஸ்டீவன் ஹார்ப்பர், 150,000 வரையான பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்துச் சேர்த்த வதிவிடப் பாடசாலைகளுக்காகக் கனேடியப் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அவுஸ்திரேலியாவைப் போலன்றி இங்கு நீதிமன்ற வழக்குகளின் விளைவான நட்டஈட்டு உடன்படிக்கை ஏற்கெனவே நடைமுறைக்கு வந்திருந்தது. ஆனால் அடுத்த ஆண்டு பிட்ஸ்பேர்க் நகரில் நிகழ்ந்த ஜி-20 மாநாட்டின்போது அதே ஹார்ப்பர், கனடாவுக்குக் காலனித்துவ வரலாறு எதுவுமில்லையெனக் கூறினார். இது நாத்தவறுதல் எனப் பலர் நகைத்தனர். கூல்தார்டின் வாதத்தைப் பின்தொடரும் வாசகருக்கு இதில் முரணேதும் தோன்றாது. பாடசாலைகள் என்ற மூடப்பட்ட அத்தியாயத்திற்காகக் கோரப்பட்ட மன்னிப்பு, திறந்தேயிருக்கும் நிலத்தின் கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை. காலனித்துவத்தைக் கடந்தகாலமாக்குவதே அம்மன்னிப்பின் இலக்கணமாக இருக்கும்போது, அது இருந்ததேயில்லை என்பதற்கு இன்னும் ஓரடி மட்டுமே எஞ்சியுள்ளது.

அதனினும் முக்கியமானது, மன்னிக்க மறுப்பவரின் சினத்தை அவர் அணுகும் விதம். நல்லிணக்கத்தின் மொழி அச்சினத்தை ஒரு நோயாகவும் ஆற்றப்படவேண்டிய காயமாகவும் காண்கின்றது, ஆறாதவர் நோயாளியாகின்றார். கூல்தார்ட் இதனை மறுத்து, அநீதி தொடரும் வேளையில் சினங்கொள்வது சுயமரியாதையின் அடையாளம் என்கின்றார். ப்ளீதா நகரின் மனநல மருத்துவமனையில் பணியாற்றிய ஃபனோனை அவர் இதற்குத் துணைகொள்வது மிகப் பொருத்தமே. எவரைக் குணப்படுத்துவது, எதனை மாற்றுவது என்ற வினா அந்த மருத்துவரை இறுதியில் பதவி துறக்கச் செய்தது.

மறுப்பின் இப்பொருளை இன்னும் ஆழப்படுத்துபவர் காஹ்னவாகே மோஹாக் சமூகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் ஒட்ரா சிம்ஸன். அதே 2014இல் வெளிவந்த அவரது நூல், அரசு வழங்கும் பிரஜாவுரிமையையே ஏற்க மறுத்து, தம் தேசத்தின் கடவுச்சீட்டுடன் எல்லைகளைக் கடக்க முனையும் மக்களைப் பற்றியது. நோபல்ஸின் அங்கத்துவக் கோட்பாடு எதிர்பாராத மனிதர்கள் இவர்கள்: உள்ளே வர விரும்பாதவர்கள். அந்த மனநிலைக்கு நாம் காணும் மிகத் தெளிவான உதாரணம் லகோட்டா மக்களுடையது. 1868ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அவர்களுக்கு உறுதிசெய்த கருங்குன்றுகளை ஐக்கிய அமெரிக்கா 1877இல் பறித்துக்கொண்டது. 1980இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் வட்டியுடன் 10 கோடி டொலருக்கு மேற்பட்ட நட்டஈட்டை உறுதிசெய்தது. வறுமையில் வாழும் அம்மக்கள் அதனைத் தொடவில்லை. அரசின் கணக்கில் அது 100 கோடி டொலரைக் கடந்து வளர்ந்துவிட்டது. அவர்கள் கேட்பது குன்றுகளை. அபகரிக்கப்பட்ட பொருள் அழியாதிருக்கும் வரை அப்பொருளையே திருப்பியளிக்க வேண்டும், அழிந்தாலன்றி அதன் பெறுமதி ஈடாகாது என்ற ஃபிக்ஹு விதியை அறிந்தவருக்கு இக்கோரிக்கையை விளங்கிக்கொள்வதில் சிரமம் இராது. குன்றுகள் அங்கேயே இருக்கின்றன.

இவ்வளவு கூறிய பின் கூல்தார்டின் நூலிலுள்ள குறைகளை மறைப்பது முறையன்று. முதல் அத்தியாயம் ஹெகலிய விவாதங்களின் அடர்ந்த காடு. அத்துறைப் பயிற்சி இல்லாதவர் அங்கேயே நூலை மூடிவைத்துவிடக் கூடும். அதனினும் பெரிய குறையொன்றுண்டு. அச்சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் கண்மூட வேண்டுமெனக் காத்திருந்த முதியவர்களுக்கு அவரது கோட்பாட்டில் போதிய இடமில்லை. ஹார்ப்பரின் உரைக்குப் பின் பூர்வீகக் குடி அமைப்புகளின் தலைவர்கள் அதே மன்றத்தில் எழுந்து மறுமொழி கூறினர். ஒருவர் ஏற்றுக்கொண்டார், பெண்கள் அமைப்பின் தலைவியோ, இனி அரசு என்ன செய்யப்போகின்றது எனக் கேட்டார். ஏற்றவரின் ஏற்பையும் கேட்டவரின் கேள்வியையும் ஒரே தராசில் வைக்கும் ஆய்வை இரு வரிசைகளிலும் நாம் தேடவேண்டியுள்ளது. மன்னிப்பும் மீளளிப்பும் ஒருங்கே நிகழ்ந்த உதாரணமும் இல்லாமலில்லை. 1863இன் பின்னரான யுத்தத்தில் வைகாட்டோ மயோரி மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்திற்காக, 1995 நவம்பர் 3இல் இரண்டாம் எலிஸபெத் மகாராணி வெலிங்டனில் மயோரி அரசியாரின் முன்னிலையில் தம் கையாலேயே ஒப்பமிட்ட சட்டம் மன்னிப்பையும் நிலத்தையும் 17 கோடி நியூஸிலாந்து டொலர் பெறுமதியான தீர்வையும் கொண்டிருந்தது. பறிக்கப்பட்டதில் அது மிகச் சிறு பங்கே. எனினும் அங்கீகாரம் அனைத்தையும் ஒரே நிறத்தில் தீட்டும் வாதத்திற்கு இது இடறலாக அமைகின்றது.

ஒரு நூலை மட்டுமே வாங்க இயலுமாயின் கூல்தார்டையே தெரிவுசெய்யுமாறு கூறுவோம். நோபல்ஸை வாசித்தவர் அரசுகள் ஏன் பேசுகின்றன என்பதை அறிவார். கூல்தார்டை வாசித்தவர் அப்பேச்சு எவரை நோக்கியது, அவர் எதனைத் திருப்பிக் கேட்கின்றார் என்பதை அறிவதோடு, பின்னர் நோபல்ஸை வாசிக்கும்போது அதிற் காணப்படாதவற்றையும் கண்டுகொள்வார். வாசிப்பு வரிசையை மாற்றினால் இது நிகழ்வதில்லை. அங்கத்துவம் என்ற சொல் மனத்திற் பதிந்தபின் அங்கத்துவத்தையே விரும்பாதவர் பிடிவாதக்காரராகத் தோன்றத் தொடங்குகின்றார். இரண்டாவது நூலுக்கும் பணமிருப்பின், நோபல்ஸிற்கு முன்னர் செலர்மேயரைச் சேர்த்துக்கொள்ளலாம். மத்ரஸாக் கல்வியும் பல்கலைக்கழகக் கல்வியும் பெற்ற எமது இளம் ஆய்வாளர் ஒருவர், அவர் எழுதாது விட்ட அத்தியாயத்தை எழுத முன்வருவாராயின் தௌபா, மளாலிம் பற்றிய ஃபிக்ஹு நூல்களில் அதற்கான மூலங்கள் நிரம்பக் கிடைக்கும். கூல்தார்டின் நூலை முதன்முறை திறப்பவர்கள் டெனே மக்கள் பற்றிய இரண்டாம் அத்தியாயத்தில் தொடங்கி, நான்காம் அத்தியாயத்தை வாசித்து, அதன் பின்னர் முதலாம் அத்தியாயத்திற்குத் திரும்புவது நலம்.